அடியில் இருக்கும் நம்பர்

உட்காருங்கள் தம்பி. இப்போது தேன்பெட்டியின் வாயிலை அடைக்க முடியாது. ஈ எல்லாம் வெளியே மேய்ச்சலில் இருக்கிறது. அந்தி மயங்கி, கடைசி ஈயும் உள்ளே ஏறிய பிறகுதான் தேங்காய் நார்த் தும்பை வைத்து அடைத்து வண்டியில் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு இப்போதே எடுத்துக்கொண்டு போனால், வெளியே இருக்கிற ஈ திரும்பி வந்து பெட்டி இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பறக்கும். பிறகு செத்து விழும். இது நான் கண்டுபிடித்தது இல்லை. என் வீட்டுக்காரி லீலாபாய் சொல்வது. போனிலும் இதைத்தான் சொன்னாள். "பெட்டிய எடுக்க ஆளு வரும். குடுத்து விடுங்க. அந்திக்கு முன்ன அடைக்க விடாதீங்க." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

யாருக்கு விற்றாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் வளர்த்த ஈ, அவள் விற்கிறாள். ஆனால் ரப்பர் இலை உதிர்ந்து முடிந்தாயிற்று. இனி தளிர் வரும், தளிரோடு தேன் வரும். இந்த நேரத்தில் யாராவது பெட்டியை விற்பார்களா? நீங்களே சொல்லுங்கள்.

காப்பி குடியுங்கள். சீனி போதுமா? நானே போட்டதுதான். லீலாபாய் அவளுடைய அக்கா வீட்டில் இருக்கிறாள். அக்காவுக்கு முட்டு ஆபரேஷன். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? ஒரு வாரம் என்றுதான் போனாள். கால் முட்டு என்றால் லேசா தம்பி? நாள் பிடிக்கும். அக்கா நடக்க ஆரம்பித்தால் இவள் வந்துவிடுவாள்.

அந்தத் தம்ளரில் வெட்டியிருப்பது அவள் பேர்தான். 'நே. லீலாபாய்.' நே என்பது நான், நேசையன். நான் ஷார்ஜாவில் இருந்தபோது அனுப்பின பணத்தில் வாங்கின எவர்சில்வர் எல்லாவற்றிலும் அப்படித்தான் வெட்டியிருப்பாள். குடம், குத்துப்போணி, கரண்டி வரைக்கும். லீவில் வரும்போது ஒவ்வொன்றாகக் காட்டுவாள். நான் இல்லாத வீட்டில் அலமாரி முழுக்க என் எழுத்து இருந்தது.

உங்கள் வண்டி முன் சீட்டிலும் ஏதோ பாத்திரம் இருக்கிறதே, சாக்குப் போட்டு மூடி? சரி, சரி. போகிற வழியில் கொடுக்க வேண்டிய சரக்கு. எனக்கு எதற்கு.

நேரம் போக ஒன்று காட்டுகிறேன். இருங்கள், எடுத்து வருகிறேன்.

இந்த வாளியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு முக்கோணம், உள்ளே 5 என்று இருக்கிறதா? பக்கத்தில் ஒரு கோப்பையும் முள்கரண்டியும். ஐந்து என்றால் ஒரு வகைப் பிளாஸ்டிக், இரண்டு என்றால் வேறு வகை. அந்த இரண்டும் தேனுக்கு ஆகும். கோப்பையும் கரண்டியும் இருந்தால் சாப்பாட்டுச் சாமான் வைக்கலாம் என்று அர்த்தம். ஒன்றுமே இல்லாமல் வருவது பழைய செருப்பையும் பைப்பையும் உருக்கிச் சாயம் போட்டு ஊற்றின வாளி. சிவப்பு, பச்சை என்று கண்ணைப் பறிக்கும். அதில் குளிக்கலாம். தேன் ஊற்றக் கூடாது. தேன் நாக்குக்குத்தான் இனிப்பு, உள்ளே புளிப்பு உண்டு. எதில் வைக்கிறோமோ அதை மெல்ல மெல்லக் குடிக்கும். மூடியைப் பாருங்கள், உள்ளே ரப்பர் வளையம். ஈரக் காற்றுப் புகாது. அடியில் குழாய். உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். ஒரு கீறல் இருக்கிறதா? கீறல் இருந்தால் அதில் அழுக்கு நிற்கும்.

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்தது வாளிக் கம்பெனியில். மெஷினிலிருந்து வாளி வரும், நான் திருப்பிப் பார்ப்பேன். அடியில் நம்பர் சரியாக விழுந்திருக்கிறதா என்று. விழுந்திருந்தால் இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம். தலை நரைக்கும் வரைக்கும் அதுதான் வேலை. சிரிக்காதீர்கள். நான் திருப்பிப் பார்க்காத ஒரு வாளியும் அந்தக் கேட்டைத் தாண்டிப் போனதில்லை.

அதை முடித்துக்கொண்டு இங்கே வந்தால் வீடு தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. ரப்பர் வெட்ட ஆள் வருகிறான், அவளிடம் பேசுகிறான். காஸ்காரன் வருகிறான், அவளிடம் பேசுகிறான். நான் கேட்டில் போய் நின்றால் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "லீலாக்கா இல்லியா?" என்று கேட்கிறார்கள். ஒருத்தன் என்னிடம், "நீங்க எப்ப வந்திய? எப்ப போறிய?" என்று கேட்டான். என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு.

நான் இல்லாத காலத்தில்தான் அவள் தேன்பெட்டி வைத்திருக்கிறாள். முதல் தடவை அவள் தேன் எடுப்பதைப் பார்த்தேன். என் பழைய சட்டை, தலையில் துண்டு, கையில் புகைகிற தேங்காய்ச் சகிரி. பேசிக்கொண்டே பெட்டிக்குள்ளிருந்து சட்டத்தை எடுக்கிறாள். ஈ அவள் கையில் நடக்கிறது, கொட்டவில்லை. நான் பக்கத்தில் போனேன், கன்னத்தில் ஒன்று வாங்கினேன். அவள் சிரித்தாள். "ஊருக்குப் புதுசுல்லா, அதுக்கு ஆளு தெரியல்ல" என்றாள்.

அந்தத் தேனை எதில் ஊற்றினாள் தெரியுமா? திருவிழாக் கடையில் வாங்கின சிவப்பு வாளி. பிழிந்த தேனடையைப் போட்டது பெயின்ட் வாளியில். நான் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"லீலா, இதுக்கு அடியில ஒண்ணும் இல்ல."

"அடியில என்ன இருக்கணும்? ஓட்டை இல்லாம இருந்தாப் போராதா?"

உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். கேட்டாள் தம்பி. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே கேட்டாள். அந்த வாளிகளை அவளே எடுத்து வாசலில் வைத்தாள். நான் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு வந்தேன். அந்த சீசன் முழுக்க எவர்சில்வர் குடத்திலும் போணியிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். பெண்கள் கூட்டத்தில் போய், "எங்க வீட்டுல சொல்லுதாங்க, நம்பர் பாத்துதான் வாங்கணுமாம்" என்று சொல்லியிருக்கிறாள். பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வர ஆரம்பித்தார்கள். "மாமா, இது ஆகுமா? அண்ணே, இது கொள்ளாமா?" இங்கேதான், நீங்கள் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொல்வேன். அவள் உள்ளே இருந்து எல்லோருக்கும் காப்பி கொண்டு வருவாள். அந்தக் கொஞ்ச காலம் கேட்டில் வந்தவர்கள் நேசையன் இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

அடுத்த சீசன் நல்ல தேன். பெட்டிக்குப் பெட்டி அடை நிறைந்து நின்றது. எனக்குத் தோன்றியது, இத்தனை தேனைப் போணியிலும் குடத்திலும் பிரித்துப் பிரித்து வைப்பது என்ன வேலை? கம்பெனி என்றால் ஒரே டிரம்மில் வைப்பார்கள். பழைய சாமான் கடையில் ஒரு வெள்ளை டிரம் கிடந்தது. திருப்பினேன். இரண்டாம் நம்பர். கோப்பையும் கரண்டியும் அச்சு அச்சாக விழுந்திருக்கிறது. ஷார்ஜாவில் என் கைக்கு வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் வைத்திருப்பேன். என்ன வந்த டிரம் என்று கடைக்காரனிடம் கேட்டேன். கேட்காமல் வாங்குகிற ஆள் இல்லை நான். சூரை மீன் ஊறுகாய் வந்தது என்றான். நல்லதுதானே? சாப்பாட்டுச் சாமான். ஆசிட்டா, மருந்தா? சோடாப்பொடி போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தேன்.

லீலா தலையை உள்ளே விட்டு மோந்தாள். "இதுல என்னமோ மணம் நிக்குது."

"பிளாஸ்டிக் மணம். நம்பரப் பாரு."

"நம்பரு கெடக்கட்டும். எனக்கு மணக்குது."

"எனக்கா உனக்கா இதுல அனுபவம்?" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஊறுகாய் என்று நான் எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் மணம் இல்லாமலே மணக்கும். பெண்களுக்கு மனசில்தானே மூக்கு.

முதல் எடுப்பு முழுவதும் சர்ச் சபைக்கு. அது அவள் வழக்கம். அறுப்பின் பண்டிகைக்கு எல்லோரும் விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டு வைப்பார்கள். வாழைக்குலை, தேங்காய், மரச்சீனிக் கிழங்கு, கோழி. ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். அவள் தேனுக்குத்தான் எப்போதும் போட்டி. நான் வெளிநாட்டில் இருக்கும்போதே கடிதத்தில் எழுதுவாள், இந்த வருஷம் யார் எடுத்தார்கள் என்று. அந்தத் தேனை டிரம்மில் ஊற்றி, வளையம் போட்டு, இறுக்கி மூடினேன். இடையில் ஒரு தடவை, "தொறந்து ஒரு துளி பாக்கட்டா?" என்று கேட்டாள். திறக்கக் கூடாது என்றேன். தேன் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். உண்மைதானே? எங்கே வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்கு ஆட்டோவில் வைத்து நானே கொண்டு போனேன். வெள்ளை டிரம், மேலே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தேன். பீடத்துக்கு முன்னால் வைத்தபோது ஜனம் எல்லாம் பார்த்தது. லீலா நல்ல பட்டுச் சேலை கட்டியிருந்தாள்.

ஏலம் போட்டது கில்பர்ட். சபைச் செயலாளர், வாய்க்காரன். "அடுத்தது நம்ம லீலாக்காவுக்க தேன்! நாக்குல வச்சா போதகரு பிரசங்கத்த மறந்துருவாரு!" என்றான். போதகரே சிரித்தார். கில்பர்ட் மூடியைத் திறந்து ஒரு கரண்டி கோரி முன் வரிசையில் இருந்த தங்கையன் பெரியவருக்குக் கொடுத்தான். அவர் நக்கினார். வாயை இரண்டு தடவை சப்புக் கொட்டினார்.

"லேய் கில்பர்ட்டு, இது தேனா, சூரை ஊறுகாயா?"

கில்பர்ட்டும் மோந்தான். முகம் ஒரு மாதிரி ஆனது. அதற்குள் பின்னால் இருந்து ஒருத்தன், "அந்த மரச்சீனியையும் சேத்து ஏலம் போடுலே, தொட்டுத் திங்கலாம்!" என்றான். சர்ச் முழுக்கச் சிரிப்பு. சின்னப் பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில் முதலில் சிரிப்பு இல்லை. பிறகு அங்கேயும் வந்தது. எனக்குத் தெரிந்த பெண்கள்தான், என்னிடம் வாளி கொண்டு வந்தவர்கள்.

லீலா பெண்கள் பக்கத்தில் நடுவில் இருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? எழுந்து சொல்லியிருக்கலாம் என்று? என்ன சொல்ல? டிரம் நான் வாங்கினது என்றா? அந்தச் சபையில் எனக்கு என்ன பழக்கம்? வந்து இரண்டு அறுப்பு ஆகவில்லை. வாளியைத் தவிர வேறு எதற்கும் என்னைத் தெரியாது. அதிலும் இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிட்டால் பிறகு நான் எந்தத் தெருவில் நடப்பேன்? அவளுக்கு அது பழகின ஜனம். அவள் தப்பு என்றால் ஒரு நாள் சிரித்து விட்டுவிடுவார்கள். அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

டிரம் மீதும் தப்பு இல்லை. நம்பர் சரி, அடையாளம் சரி. யாருக்காவது வயிறு கெட்டதா? இல்லை. மணம் மட்டும்தான்.

ஒருவரும் விலை கேட்கவில்லை. கில்பர்ட்டுக்கும் சங்கடம். "இது பிறகு பாப்போம்" என்று மூடியைப் போடப் போனான். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, "நான் எடுக்கேன்" என்று ஒரு சத்தம். லீலா எழுந்து நிற்கிறாள்.

"லீலாக்கா, ஒங்க தேன நீங்களே..."

"ஏலத்துக்கு வந்த பொருளுதானே? விளிச்சுச் சொல்லு கில்பர்ட்டு. ஒரு தரம்."

அவன் சொன்னான். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கொடுத்த காணிக்கையைத் தானே காசு கொடுத்து எடுத்துக்கொண்டாள். போன வருஷம் வந்த விலைக்குக் குறையாமல்.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றவில்லை. பலா மரத்துக்குக் கீழே மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டினாள். நான் வெட்டுகிறேன் என்றேன். தரவில்லை. தேனைப் புதைத்ததைக் கண்டிருக்கிறீர்களா தம்பி? நான் கண்டேன். ஈ வந்து குடிக்கக் கூடாது என்று மேலே மண்ணை மிதித்து மிதித்து இறுக்கினாள். பிறகு டிரம்மைக் கழுவி என் கட்டிலுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். அடி மேலே தெரிகிற மாதிரி.

சத்தம் போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். சோறு வைத்தாள், துணி துவைத்தாள். தேன் மட்டும் எடுக்கவில்லை. அடை நிறைந்து நின்றது, அப்படியே விட்டாள். நான் நாகர்கோவில் போய் இதெல்லாம் வாங்கினேன். குழாய் வைத்த வாளி, இரட்டை வலை, அடை சீவுகிற தட்டு. எல்லாம் புத்தம் புதிது. இப்போது யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன்: நம்பர் இருந்தாலும் புதிதாகத்தான் வாங்க வேண்டும், பழைய டிரம் பக்கமே போகாதே என்று. இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல்தான் ஜனம் ஏமாறுகிறது. வரிசையாக வைத்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையில் எடுத்து, திருப்பி, அடியைப் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். பாருங்கள், விலைச் சீட்டுக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு முட்டு ஆபரேஷன்.

பெட்டியை நான் தொடவில்லை. ஆனால் எறும்பு ஏறாமல் இருக்கக் கால் ஒவ்வொன்றும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கிறதே, அதில் ஒரு நாளும் தண்ணீர் வற்ற விட்டதில்லை. வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆமாம், யாரென்றே கேட்கவில்லையே. எந்த ஊருக்குத் தம்பி கொண்டு போகிறீர்கள்?

அருமனையா.

அருமனையில் எங்கே? சர்ச் கழிந்து இடது பக்கம்... நீலக் கேட்டு. வாசலில் ஒரு செம்பருத்தி. நீங்கள் அடையாளம் சொல்ல வேண்டாம், எனக்கு அந்த வீடு தெரியும். அது ரோஸ்பாய் வீடு. லீலாவின் அக்கா, முட்டு ஆபரேஷன் பண்ணினவர்கள்.

என்ன, நடக்கிறார்களா? எப்போதிலிருந்து? அப்படியா. சந்தைக்கு வருகிறார்களா. இரண்டு பேரும்.

நல்லது. நடந்தால் நல்லதுதானே.

அப்படியென்றால் விற்கவில்லை. தளிர் வருகிற நேரம் பார்த்துத்தான் பெட்டியை அங்கே வரவழைக்கிறாள். அவள் அப்படித்தான், கணக்குத் தப்ப மாட்டாள். நான் என்னவோ நினைத்தேன், அவள் தேனையே விட்டுவிட்டாள் என்று. ஊரில் நாலு பேரிடம் அப்படித்தான் சொல்லியும் வைத்தேன்.

சரி, ஒரு உதவி செய்யுங்கள். இந்த வாளிகளையும் ஏற்றிக்கொள்ளுங்கள். கனம் இல்லை, பெட்டிக்கு நடுவில் ஒதுங்கி இருக்கும். தேன் எடுக்க அவளுக்கு இது வேண்டும்தானே? கூலி நான் தருகிறேன்.

பெட்டி மட்டும் போதும் என்றார்களா. அவளே சொன்னாளா, அக்கா சொன்னார்களா?

சரி. அவளே சொன்னாள்.

அந்தச் சாக்கைக் கொஞ்சம் விலக்குங்கள், பார்க்கட்டும். இல்லை, எடுத்துக்கொள்ள மாட்டேன், பார்க்கத்தான். எவர்சில்வர் டிரம். மார்த்தாண்டத்தில் கடையிலிருந்து எடுத்து வரச் சொன்னார்களா? நல்ல கனமான தகடு. மூடி நன்றாக இறுகுகிறது. குழாயும் வைத்திருக்கிறது. நல்ல பாத்திரம் தம்பி. இதில் ஒரு மணமும் நிற்காது.

சும்மா திருப்பிப் பார்க்கிறேன். கைப் பழக்கம்.

நம்பர் இல்லை. எவர்சில்வருக்கு நம்பர் எதற்கு. பேர் வெட்டியிருக்கிறது, புது வெட்டு, பளபள என்று இருக்கிறது. எனக்குக் கண்ணாடி இல்லை, நீங்களே வாசியுங்கள்.

லீலாபாய்.

முன்னால் ஒரு எழுத்து இருக்கும், பாருங்கள். பக்கத்தில், கொஞ்சம் மேலே. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாருங்கள்.

இல்லையா.

இருக்கட்டும். அந்தச் சாக்கை மறுபடியும் போட்டு மூடுங்கள், வண்டி குலுங்கினால் கீறல் விழும்.

வாருங்கள், இருட்டி விட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். உள்ளே இரைச்சல் கேட்கிறதா? வெளியே ஒன்றும் பறக்கவில்லை. வர வேண்டியது எல்லாம் வந்தாயிற்று. தும்பை நான் வைக்கிறேன். நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கள்.